கெண்ட்ரிக்கிடம் சொன்னது

மே 14, செவ்வாய்

டெப் மறுபடியும் போன் செய்தாள். எங்கள் ஊர் பேஸ்பால் அணியின் அலுவலகத்தை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். இது சிறிய லீக். வெளியூரிலிருந்து வரும் ஆட்டக்காரர்களை, சீசன் முடியும்வரை ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது வழக்கம். "இந்தியாவிலிருந்து ஒருவன் வருகிறான், கோமதி. இடதுகைக்காரன். மற்ற வீடுகளில் அவனுக்குச் சாப்பாடு ஒத்துவராதோ என்று பயமாக இருக்கிறது" என்றாள்.

பேஸ்பால் விளையாட இந்தியாவிலிருந்து ஒருவன் அமெரிக்காவில் இந்த இல்லினாய்க்கு வருவான் என்பதை நான் நம்பவில்லை. பெயர் ரெக்சன் மிராண்டா என்றதும் கொஞ்சம் நம்பினேன். எங்கள் பக்கத்துக் கடற்கரையில் உள்ள பெயர்தான் அது.

என் கணவர் லிங்கம் செய்தித்தாளை மடிக்காமலே சொன்னார்: "ஒரு பிள்ளைய வளத்து அனுப்பியாச்சு. திரும்பவும் ஆசையா இருந்தா ஒரு நாய் வாங்குவோம்."

மகள் யாழினியின் அறையை ஒழித்துப் பெருக்கினேன். அவள் படிப்பு முடித்து சியாட்டிலுக்குப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு நிமிடம் பேசினாள்.

மே 17, வெள்ளி

வந்துவிட்டான். கதவு நிலையில் தலை இடித்துக்கொண்டான். தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, அவ்வளவுதான்.

"எந்த ஊரு தம்பி?"

"திருச்செந்தூர் பக்கம் கடக்கரை. நீங்க?"

"பாளையங்கோட்டை."

"அய்யோ!" என்று பையைக் கீழே போட்டான். "அப்ப சித்தின்னு கூப்பிடலாம்லா?"

சிகாகோவிலிருந்து வேனில் வந்த மற்ற ஆட்டக்காரர்கள் டொமினிகன் குடியரசு, வெனிசுவேலாக்காரர்கள். இவன் பெயரைப் பார்த்துவிட்டு இவனும் தங்கள் பக்கத்து ஆள் என்று நினைத்திருக்கிறார்கள். "ரெண்டு மணி நேரம் ஸ்பானிஷ்ல பேசுறானுவ சித்தி. நானும் சி, சின்னு ஆமா போட்டு தலைய ஆட்டிக்கிட்டே வந்தேன். கடைசில ஒருத்தன் அழுதுட்டான். என்ன சொன்னான்னு இப்பவும் தெரியல."

லிங்கம் செய்தித்தாளைக் கீழே வைத்துச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நாளாகிறது.

ரசம் மூன்று தடவை வாங்கிக்கொண்டான்.

மே 18, சனி

ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வாங்கினேன்.

மே 26, ஞாயிறு

முதல் முறையாக ஆட்டம் பார்க்க மைதானத்துக்குப் போனேன். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். நகராட்சிக் குடிநீர்ச் சோதனைக்கூடத்தில் வேலை. மைதானத்துத் தண்ணீரைக்கூட நான் சோதித்திருக்கிறேன். ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

ரெக்சன் பிட்சர். மேட்டில் நின்று பந்தை எறிகிறவன். கிரிக்கெட் பௌலரைப் போல ஓடிவர முடியாது, நின்ற இடத்திலிருந்தே காலைத் தூக்கி எறிய வேண்டும். சென்னையில் உடற்கல்விக் கல்லூரியில் படிக்கும்போது பழகியதாம். "கல்லெறியறதுக்கு ஒரு வெளாட்டு இருக்குன்னு சொன்னாவ. சரின்னு போனேன்" என்பான். அங்கிருந்து துபாயில் ஒரு தேர்வு முகாம், ஃப்ளோரிடாவில் ஒன்று, பிறகு இங்கே.

வீட்டில் சட்டி தேய்க்கத் தானே வந்து நிற்கிற பையன் அந்த மேட்டில் வேறு ஆளாக இருந்தான். எதிரே மட்டையோடு நின்றவனைப் பார்த்த பார்வை எனக்கே பயமாக இருந்தது. ஆறு பேரைத் தொடர்ந்து வெளியேற்றினான். பக்கத்து இருக்கைக்காரர் என்னிடம் "உங்கள் மகனா?" என்று கேட்டார்.

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.

மே 28, செவ்வாய்

ரெக்சனுக்குப் பிறந்தநாள் என்று மைதானத்துத் திரையில் போட்டார்கள். வயது 22. ஆயிரம் பேர் எழுந்து நின்று பாடினார்கள். அவன் தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு நின்றான். வெட்கம் என்று நினைத்தேன்.

ஜூன் 1, சனி

இன்று என் பிறந்தநாள் என்று லிங்கம் கேக் வாங்கி வந்தார். வருடா வருடம் நான் சொல்வதையே சொன்னேன்: "எனக்குப் பொறந்தநாள் புரட்டாசியில."

ரெக்சன் நிமிர்ந்து பார்த்தான். அவனுக்கு விளக்கினேன். ஒன்றாம் வகுப்பில் சேர்க்க ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும், எனக்கு நாலு மாதம் குறைந்தது, தலைமையாசிரியர் ஜூன் ஒன்று என்று எழுதிக்கொண்டார். எங்கள் வகுப்பில் பதினாறு பேருக்கு ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தநாள். அந்தத் தேதியோடுதான் எம்.எஸ்ஸி. வரை படித்தேன், அந்தத் தேதியோடுதான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு வலது கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன்.

அவன் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். "எனக்கும் செவ்வாக்கெழமை பொறந்தநாள் இல்ல சித்தி" என்றான்.

அவனுடையது நவம்பர். வருடம் 94. ஆறாம் வகுப்பில் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்தபோது, பி.டி. சார் இவன் எறிவதைப் பார்த்துவிட்டு, பதினாலு வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் கூடுதலாக இரண்டு வருடம் ஆடவைக்கலாம் என்று சான்றிதழில் 97 மே என்று போடவைத்திருக்கிறார். அப்பா கையெழுத்துப் போட்டிருக்கிறார். அதுவே பாஸ்போர்ட்டிலும் ஏறிவிட்டது.

"தாள்ல இருபத்திரெண்டு. நெஜத்துல இருபத்தி நாலு. கோயில் ஞானஸ்நான ரிஜிஸ்டர்ல மட்டுந்தான் சரியா இருக்கு."

"இங்க யாருக்கும் தெரியுமா?"

"உங்க ரெண்டு பேருக்குந்தான். இந்த வெளாட்டுல ரெண்டு வயசுன்னா சும்மா இல்ல சித்தி. இருபத்திரெண்டுல இந்த வேகம் எறிஞ்சா வளருவான்னு பாப்பாவ. இருபத்தி நாலுன்னா, இவ்வளவுதான் இவன்னு போயிருவாவ."

லிங்கம் சொன்னார்: "எல, பி.டி. சாருக்கு ஒரு செல வச்சிரலாம்ல."

எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எதை வேண்டுமானாலும் பேசலாம் போலிருந்தது. சுனாமியைப் பற்றிச் சொன்னான். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவன் ஐந்தாம் வகுப்பு. தண்ணீர் தெருவரை வந்துவிட்டுத் திரும்பி இழுத்தபோது மாமா ஏறியிருந்த வள்ளம் கடலுக்குள் மிதந்து போயிருக்கிறது. இவன் மணல் மேட்டில் நின்று கயிற்று நுனியில் கல்லைக் கட்டி இடது கையால் எறிந்திருக்கிறான். கல் வள்ளத்துக்குள் விழுந்தது. மாமா கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அதுதான் என் மொத எறி" என்றான்.

ஜூன் 15, சனி

ரெக்சனின் ஆட்டச் சட்டையில் உள்ள களிமண் கறை எந்தச் சோப்புக்கும் போகமாட்டேன் என்கிறது. வினிகரில் ஊறவைத்துப் பல்துலக்கும் பிரஷால் தேய்க்கிறேன். டெப்புக்குத் தெரிந்தால் சிரிப்பாள். துணி துவைப்பது அணியின் வேலை.

ஆட்டம் முடிந்து வந்தால் தோளில் ஐஸ் கட்டிக்கொண்டு சமையலறையில் உட்காருவான். நான் பேசுவேன். ஆய்வகத்தில் நடந்தது, மாமியார் நடத்தியது, யாழினி சின்ன வயதில் சொன்னது. கேட்டுக்கொண்டிருப்பான். "பிறவு?" என்பான். என்னிடம் "பிறகு?" என்று ஒருவர் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன்.

ஜூன் 27, வியாழன்

மைதானத்தில் மூன்று பேர் வேகம் அளக்கும் கருவியோடு உட்கார்ந்திருந்தார்கள். ரெக்சன் எறிந்த ஒரு பந்து மணிக்கு 94 மைல்.

பெரிய லீக் கிளப் ஒன்று அவனை விலைக்கு வாங்க யோசிக்கிறது என்று டெப் சொன்னாள். அவர்களுடைய பயிற்சி அணி அரிசோனாவில். வாங்கினால் எப்போது போவான் என்று கேட்டேன்.

"வாங்கிய அன்றே. சில சமயம் இரண்டு மணி நேரம்தான் கொடுப்பார்கள். தங்கவைத்த வீட்டுக்காரர்கள் துணியைத் தபாலில் அனுப்புவார்கள்."

வீட்டில் அவன் லிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தான். பிறகு என் பக்கம் வந்தான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 3, புதன்

காலையில் அவன் அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தான். கதவு திறந்திருந்தது. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், ஒட்டுக்கேட்கவில்லை.

"நல்லவங்கதாம்மா. நல்லா ஆக்கிப் போடுறாவ. ஆனா ஓயாத பேச்சு. ஐஸ் கட்டிக்கிட்டு உக்காந்தா எந்திரிக்க வுடமாட்டாவ. நல்ல சோறு போடுற ஜெயிலுன்னு வச்சுக்கயேன்... ச்சே, சும்மா சொன்னேன்மா. பாவம், தனியா இருக்காவ. இன்னும் கொஞ்ச நாள்தான்."

சிரித்துக்கொண்டேன். அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவிடம் இப்படித்தான் பேசுவார்கள். யாழினியும் யாரிடமாவது பேசுவாள்.

திரைச்சீலைகள் எல்லாவற்றையும் கழற்றித் துவைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

கெண்ட்ரிக் என்பவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அந்தப் பெரிய கிளப்புக்காக ஆட்டக்காரர்களைத் தேடி ஊர் ஊராகப் போகிறவர், அறுபது வயதிருக்கும், நல்ல மனிதர். வேகத்தைக் கருவி சொல்லிவிடும், குணத்தை வீட்டுக்காரர்கள்தான் சொல்ல வேண்டும், அதற்காகவே வந்தேன் என்றார். சாம்பார், உருளைக்கிழங்கு வறுவல், மீன் குழம்பு. மீனை மூன்று துண்டு சாப்பிட்டார்.

எல்லாம் நல்லவிதமாகவே போனது. ரெக்சன் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான், குடிக்கமாட்டான், அம்மாவோடு தினமும் பேசுவான் என்றெல்லாம் சொன்னேன். ரெக்சன் தயிர் வாங்கக் கடைக்குப் போயிருந்தான். அவனுக்கு எறியும் பழக்கம் எப்படி வந்தது என்று கேட்டார். சுனாமியன்று கயிறு எறிந்த கதையைச் சொன்னேன். ஐந்தாம் வகுப்பில் இருந்தான் என்று சொன்னது வாய்தவறி வந்துவிட்டது.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து நான்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டார்.

ஜூலை 10, புதன்

நேற்று எழுதியது சரியில்லை. கெண்ட்ரிக் கேட்டார்.

"இரண்டாயிரத்து நான்கு. அப்படியானால் அவனுக்கு ஏழு வயது, இல்லையா?" என்று கேட்டார். ஆம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். உங்கள் ஊரில் ஏழு வயதில் ஐந்தாம் வகுப்பா என்று ஆச்சரியப்பட்டிருப்பார், ஆமாம், கெட்டிக்காரப் பையன் என்று நான் சொல்லியிருப்பேன், மீனைப் பற்றிப் பேசியிருப்போம்.

"இல்லை, பத்து" என்றேன்.

மேசைக்கு அடியில் லிங்கம் என் காலை மிதித்தார். பத்து என்று சொல்வதற்கு முன்பே மிதித்துவிட்டார்.

ஜூலை 11, வியாழன்

நீர்த்தொட்டி மாதிரிகளில் குளோரின் அளவு சரி. லிங்கம் என்னிடம் உப்பு எடு என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

ரெக்சன் போனைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறான். குளிக்கும்போது லிங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போகிறான். பையைக் கட்டி வைத்துவிட்டான். தேவைப்படும் சட்டையை அதிலிருந்து உருவி, மாலையில் மடித்து மறுபடி அதிலேயே வைக்கிறான்.

"அரிசோனால சோறு கெடைக்குமா சித்தி?"

"கெடைக்கும்."

"நீங்க பொடி அரைச்சுத் தாங்க. சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி ரெண்டும். அங்க உள்ளவனுக்கும் குடுப்பேன்."

மிளகாய் வறுத்தேன். கண் எரிந்தது. அரைத்து இரண்டு டப்பாவில் போட்டுப் பெயர் எழுதினேன்.

ஜூலை 19, வெள்ளி

டெப் வேலையிடத்துக்கே போன் செய்தாள். அந்தக் கிளப் விலகிக்கொண்டது. இந்தியாவில் தங்களுக்குத் தெரிந்த ஒருவரை ரெக்சன் ஊருக்கு அனுப்பி விசாரித்திருக்கிறார்கள். பாஸ்போர்ட்டில் உள்ள தேதி பொய் என்று தெரிந்துவிட்டது. விலகியதோடு விடாமல் லீக்குக்கும் தெரிவித்துவிட்டார்கள். லீக் அவனை இடைநிறுத்தியிருக்கிறது. ஆடவில்லை என்றால் விசா இல்லை.

"யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும்" என்றாள் டெப். "பாவம், நல்ல பையன்."

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். கார் நிறுத்துமிடத்தில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் செய்தி வீட்டுக்குப் போய்ச் சேரட்டும் என்று.

ஜூலை 20, சனி

அவன் அம்மா அவனிடம் போனில் சொன்னது இது. பேண்ட் சட்டை போட்ட ஒருவர் ஊர்த் தேவாலயத்தின் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்திருக்கிறார். ரெக்சன் மிராண்டாவின் ஞானஸ்நானப் பதிவு வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பெண் வீட்டிலிருந்து விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று சாமியார் நினைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் சம்பந்தம் பேசுவதற்கு முன் அப்படி விசாரிப்பது உண்டு. ரிஜிஸ்டரை எடுத்துக் காட்டி, நகலும் எழுதிக் கொடுத்து, பையன் தங்கமான பையன், கண்ணை மூடிக்கொண்டு பெண் கொடுக்கலாம் என்றும் சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

ரெக்சன் சமையலறைச் சுவரில் கையால் ஓங்கிக் குத்தினான். வலது கையால். அந்தக் கோபத்திலும் இடது கையை அவன் காப்பாற்றினான்.

"சாமிதான் காட்டிக் குடுத்துட்டாரு சித்தி. எனக்கு ஞானஸ்நானம் குடுத்த சாமியே."

"அவருக்குத் தெரியாதுல்லா" என்றேன்.

"கேக்கணும்லா? ஒரு வார்த்த எங்க அம்மாட்ட கேக்கணும்லா?"

நான் ஐஸ் எடுத்து அவன் வலது கையில் வைத்துக் கட்டினேன். சித்தி, போதும் சித்தி என்றான்.

ஜூலை 22, திங்கள்

ரெக்சனின் அம்மா இனிமேல் அந்தச் சாமியார் வைக்கும் பூசைக்குப் போகமாட்டார்களாம். தெருவில் பாதிப் பேர் அம்மா பக்கம், பாதிப் பேர் சாமியார் பக்கம். பேஸ்பால் என்றால் என்னவென்றே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

ஜூலை 24, புதன்

லிங்கம் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க அவன்ட்ட சொல்லப்போறீங்களா?" என்றேன்.

"நான் எதுக்குச் சொல்லணும்?"

"அப்ப நான் சொல்லணுமா?"

"கோமதி, நான் ஒன்ன மிதிச்சேன். அதுக்கு மேல என்னால ஆனது ஒண்ணும் இல்ல."

குழாயை மூடினார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்: "தயிர் வீட்ல இருந்துச்சுலா அன்னைக்கி?"

ஜூலை 26, வெள்ளி

இருந்தது. குளிர்சாதனப் பெட்டியில் பெரிய டப்பா நிறையத் தயிர் இருந்தது. கெண்ட்ரிக்கின் கார் வந்து நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் ரெக்சனைக் கடைக்கு அனுப்பினேன்.

என்ன சொல்லப்போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது. இதை எழுதிவிட்டு ஐந்து நிமிடம் இந்த வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியும் என்று எழுத முடியவில்லை, தெரியாது என்று எழுதியதும் நிற்கவில்லை. வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: அவன் இல்லாத பத்து நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் எந்தக் கதையைச் சொல்லலாம் என்று தேடியபோது, வருடம் உள்ள ஒரே கதைதான் கைக்கு வந்தது.

கெண்ட்ரிக் ஏழா என்று கேட்டபோது பாவமாக இருந்தது. அவரும் அந்தப் பையனை விரும்பினார். ஏழு என்று நான் சொல்லிவிட வேண்டும் என்று அவரே எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அவனை நேசித்தோம், ஒருவர் அவனை இங்கிருந்து அழைத்துப்போகப் பார்த்தார்.

பத்து என்றால் கிளப் பின்வாங்கும், அவன் இங்கேயே ஆகஸ்ட் முடிய ஆடுவான், அடுத்த வருடமும் வருவான். நான் நினைத்தது அவ்வளவுதான். நாட்டைவிட்டே போக வேண்டியிருக்கும் என்று நினைக்கவில்லை. சாமியாரை நினைக்கவே இல்லை.

உண்மையைத்தானே சொன்னேன் என்று ஒரு நாள் முழுவதும் சொல்லிப் பார்த்தேன். என் பாஸ்போர்ட் மேசை இழுப்பறையில் ஜூன் ஒன்று என்ற தேதியோடு கிடக்கிறது. உண்மைமேல் எனக்கு அவ்வளவு அக்கறை இருந்தால் முதலில் அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

புதன்கிழமை விமானம். ரெக்சன் புல் வெட்டினான், வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைத் திருத்த நீதிமன்றம்வரை போக வேண்டும், இரண்டு வருடம் ஆகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "அப்ப எனக்கு நெஜமாவே இருபத்தாறு" என்றான். "இடதுகைக்காரன்னாலும் ஒருத்தனும் எடுக்கமாட்டான்."

யாழினி போன் செய்தாள். நான் இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டேன்.

ஜூலை 30, செவ்வாய்

காலை ஆறே முக்கால். லிங்கம் வேலைக்குப் போய்விட்டார். ரெக்சன் சமையலறையில் பொடி டப்பாக்களைப் பையில் வைக்கலாமா என்று கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊரில் அம்மா அரைப்பார்கள், இருந்தாலும் கொண்டுபோகிறேன் என்றான்.

"ரெக்சன், சாமி இல்ல" என்றேன்.

"என்ன சித்தி?"

"கெண்ட்ரிக்கிட்ட நான் சொன்னேன். சுனாமி வந்தப்ப ஒனக்குப் பத்து வயசுன்னு. அதுக்குப் பிறகுதான் அவங்க ஆள் அனுப்புனாங்க."

அவன் டப்பாவை மேசையில் வைத்தான். மூடி சரியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தான்.

"தெரியாம சொல்லிட்டீங்களா?"

ஆம் என்று சொல்ல அவனும் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டான். கெண்ட்ரிக்கும் அப்படித்தான் செய்தார்.

"இல்ல. தெரிஞ்சுதான்."

"ஏன்?"

இந்த நோட்டில் இவ்வளவு எழுதியும் அந்தக் கேள்விக்குப் பேச்சில் சொல்ல என்னிடம் ஒரு வாக்கியம்தான் இருந்தது. "நீ போகக் கூடாதுன்னு இருந்துச்சு."

அவன் சிரித்தான். சிரிப்புதானா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம். "பெத்தவளே போயிட்டு வான்னு அனுப்பி வச்சா" என்றான். "வந்து ரெண்டு மாசத்துல நீங்க யாரு?"

நான் நின்றுகொண்டிருந்தேன். அவன் வாசலுக்குப் போனான், திரும்பி வந்தான், மறுபடி போனான். அவன் கத்தியிருக்கலாம். அந்தச் சமையலறையில் உடைக்க எவ்வளவோ இருந்தது. கடைசியில் போனை எடுத்தான். ஊரில் அப்போது மாலை ஐந்தேகால். ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தான்.

"அம்மா, சாமி இல்லம்மா."

"என்னல சாமி இல்ல? சாமி கும்பிடாம போயிட்டியா அங்க?" என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது. பின்னால் யாரோ மீன் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"காட்டிக் குடுத்தது நம்ம சாமி இல்ல. அவரு ஒண்ணும் பண்ணல."

"பிறவு யாரு?"

ரெக்சன் என்னைப் பார்த்தான். மேட்டில் நின்று எதிரே இருப்பவனைப் பார்க்கிற பார்வை அது. போனை என் பக்கம் தள்ளினான். "நீங்களே சொல்லுங்க" என்றான். சித்தி என்ற சொல் அதில் இல்லை.

"அம்மா, ரெக்சன் தங்கியிருக்கிற வீட்லேருந்து பேசுறேன்" என்றேன்.

"அய்யோ, தாயி! நீங்களா! எம்புட்டு நாளா பேசணும்னு கெடந்தேன்! எம் புள்ளைக்கு ரெண்டு மாசமா சோறு போட்ட மவராசி, நீங்க நல்லா இருக்கணும், உங்க புள்ள நல்லா இருக்கணும், மாதா உங்களுக்கு..."

"அம்மா, கொஞ்சம் கேளுங்க."

"மாதா உங்களுக்கு ஒரு கொறையும் வைக்க மாட்டா..."

வாழ்த்தை நிறுத்துவதற்கு நான் சத்தம் போட வேண்டியிருந்தது. "நான்தான் சொன்னேன். ரெக்சன் வயச நான்தான் அந்த ஆள்கிட்ட சொன்னேன்."

மீன் விலை கேட்டவர் போய்விட்டார் போலிருக்கிறது. பிறகு அந்த அம்மா பேசியது என்னிடமா தனக்குத்தானா என்று தெரியவில்லை. "ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு சனமெல்லாம் நிக்கும்போது சாமி பங்களா வாசல்ல போயி மண்ண வாரித் தூத்திட்டு வந்துருக்கேன். ஒங் குரலு அடஞ்சு போவும்னு சொல்லித் தூத்துனேன். அவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. தலையில எல்லாம் மண்ணு. இப்ப அந்த மண்ண நான் என்ன செய்ய? சொல்லுங்க. நீங்க படிச்சவங்கதான?"

ரெக்சன் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தான். அவன் முதுகு அசைந்தது.

"உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார் அவர். "இவன் சித்தி சித்தின்னுதான் சொல்லுவான். பேரு கேட்டு வைக்கல."

"கோமதி" என்றேன்.

"கோமதி" என்று அந்த அம்மா ஒரு முறை திருப்பிச் சொன்னார். மறந்துவிடக் கூடாது என்பதுபோல, நிதானமாக. பிறகு இன்னொரு முறை சொன்னார்.